மிட்-சைடு பதிவுக்கு எட்டு வடிவ மைக்: ரிப்பனா, கண்டென்சரா?

புதுநாண்

வணக்கம். என்னிடம் சிறு டயாஃப்ரம் (ஒலியில் அதிரும் சவ்வு) கொண்ட கார்டியாய்டு கண்டென்சர் மைக் ஒன்று இருக்கிறது; முன்புறத்தை நன்றாகக் கேட்டு, பின்புறத்தைத் தவிர்க்கும் வகை. தனி கிட்டாரையும் தனி வயலினையும் மிட்-சைடு முறையில் ஸ்டீரியோவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். கருவியை நேராகப் பார்க்கும் மிட் இடத்துக்கு இந்தக் கார்டியாய்டே போதும் என்று நினைக்கிறேன். பக்கவாட்டைக் கேட்கும் சைடு மைக் எட்டு வடிவமாக (இரு முகங்களிலும் கேட்டு, விளிம்புகளில் செவிடாக) இருந்தாக வேண்டும்; அதைத்தான் வாங்க வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. பாஸிவ் (மின்சாரம் தேவைப்படாத) ரிப்பன் ஒன்றும், வடிவம் மாற்றக்கூடிய பெரிய டயாஃப்ரம் கண்டென்சர் ஒன்றும் கண்ணில் பட்டிருக்கின்றன.

அறை சிறியது, ஆனால் அமைதியானது. ஆடியோ இன்டர்ஃபேஸில் இரண்டு உள்ளீடுகள். இரண்டுக்கும் சேர்த்து 48 வோல்ட் மின்சாரத்துக்கு ஒரே சுவிட்ச். எதை எடுக்கலாம்? ஏன்?

வெள்ளிநாடா

ரிப்பனை எடுங்கள்.

எட்டு வடிவம் ரிப்பனின் பிறவிக்குணம். காந்தத்துக்கு நடுவே தொங்கும் மெல்லிய உலோக நாடாவின் இரு முகங்களும் காற்றுக்குத் திறந்திருக்கின்றன. பக்கவாட்டு விளிம்பிலிருந்து வரும் ஒலி இரு முகங்களையும் ஒரே அளவில் அழுத்துவதால் நாடா அசைவதில்லை. அந்தச் செவிட்டுத் திசை ஆழமானது. தாழ்ந்த சுரத்திலும் உயர்ந்த சுரத்திலும் பெரிதாக மாறாது. மிட்-சைடில் கருவி உட்காருவது அந்தச் செவிட்டுத் திசையில்தான். அது எவ்வளவு ஆழமோ, கருவியின் பிம்பம் நடுவில் அவ்வளவு உறுதியாக நிற்கும்.

பெரிய டயாஃப்ரம் கண்டென்சரில் எட்டு வடிவம் இரண்டு சவ்வுகளின் வித்தியாசத்திலிருந்து பிறக்கிறது. இரண்டும் இம்மியளவு வேறுபட்டாலும் செவிட்டுத் திசையில் ஒலி கசியும். கருவியின் நிறத்தைத் தருவது உங்கள் மிட் மைக். சைடு தருவது அறையை. அறைக்கு ரிப்பனின் மென்மை போதும். கம்பியில் விரல் உரசும் கீச்சொலி இரு ஓரங்களிலும் சிதறித் தெறிக்காது.

இணைகாது

செவிட்டுத் திசை பற்றி வெள்ளிநாடா சொன்னதை ஏற்கிறேன், முடிவை ஏற்க முடியாது.

மிட்-சைடு என்பது கூட்டல் கழித்தல் கணக்கு. இடது = மிட் + சைடு. வலது = மிட் − சைடு. கூட்டப்படும் இரண்டு சிக்னல்களும் ஒரே ஃபேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும்படி) இருந்தால் மட்டுமே இடது பெரிதாகும், வலது சிறிதாகும். பிம்பம் இடப்பக்கம் நகரும். சைடு சிக்னல் 90 பாகை பிசகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினாலும் கழித்தாலும் விடையின் அளவு ஒன்றே. இடதும் வலதும் சம உரப்பில் ஒலிக்கும். அந்த அதிர்வெண்ணில் பிம்பத்துக்கு இடம் என்பதே இல்லாமல் போய், ஒலி தலையைச் சுற்றி மங்கலாகப் பரவும்.

ரிப்பனும் சிறு கண்டென்சரும் வேறு வேறு விதிகளில் இயங்குபவை. பல ரிப்பன்கள் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரியத் தொடங்குகின்றன; சரிவோடு சேர்ந்து ஃபேஸும் நகரும். கார்டியாய்டு கண்டென்சரோ அங்கே நேராக நிற்கும். விளைவாக உயர் சுரங்களில் மேடை சுருங்கும், எல்லைகள் குழம்பும். சென்ஹைசர் நிறுவனத்தின் எம்கேஎச் 40 கார்டியாய்டுக்குத் துணையாக எம்கேஎச் 30 என்ற எட்டு வடிவமும், ஷோப்ஸ் நிறுவனத்தின் எம்கே 4 கார்டியாய்டு கேப்சூலுக்கு (மைக்கின் தலைக்கு) துணையாக எம்கே 8 என்ற எட்டு வடிவமும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. மிட்-சைடுக்கு அந்த ஜோடிகளை இத்தனை பேர் நாடுவது இந்தக் காரணத்தால்தான். அந்த விலைக்குப் போக முடியாதவர் குறைந்தது கண்டென்சரோடு கண்டென்சரையாவது சேர்க்க வேண்டும்.

நேர்கோடு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிறிய அறை என்கிறார். எட்டு வடிவ மைக்கின் இரு காதுகளும் பக்கச் சுவர்களை நேராகப் பார்க்கும். சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ 6 மில்லிசெகண்டில் வந்து சேரும். இதை விரும்பி ஏன் பதிவு செய்ய வேண்டும்? இருக்கும் மைக்குக்கு ஒரு ஜோடி வாங்கி, இரண்டு கார்டியாய்டுகளை எக்ஸ்-ஒய் முறையில், தலைகளை ஓரிடத்தில் சேர்த்து 90 பாகையில் வைத்தால் போதாதா?

தூரத்துஒலி

நேர்கோடு, கணக்கைப் போட்டுப் பாருங்கள். மிட் கார்டியாய்டாக இருந்து, சைடை அதைவிட 6 டெசிபல் குறைத்து டிகோட் செய்தால், அதாவது கூட்டிக் கழித்து இடது வலதாக்கினால், கிடைப்பது 90 பாகை விரிந்த எக்ஸ்-ஒய் ஜோடியேதான். வடிவம் மட்டும் கார்டியாய்டுக்கும் அதைவிடக் குறுகிய சூப்பர்கார்டியாய்டுக்கும் இடைப்பட்டதாக மாறியிருக்கும். நீங்கள் சொல்லும் ஜோடியைவிட இது பக்கச் சுவரை அதிகமாகக் கேட்க வழியே இல்லை. சைடைச் சம அளவுக்கு உயர்த்தினால்தான் கோணம் இருபுறமும் 63 பாகைக்கு விரியும், அறையும் கூடவே நுழையும். அந்தக் கைப்பிடி பதிவு முடிந்த பிறகும் நம் கையிலேயே இருக்கிறது. எக்ஸ்-ஒய்யில் மைக்கை நட்ட கணத்தில் கோணம் முடிவாகிவிடுகிறது.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியம். எக்ஸ்-ஒய்யில் நடுவில் இருக்கும் தனி வயலினை இரண்டு மைக்குகளும் 45 பாகை சாய்வாகக் கேட்கின்றன. எந்த மைக்கும் தன் சிறந்த திசையில் அதைக் கேட்பதில்லை. மிட்-சைடில் வயலின் மிட் மைக்கின் நேர் முன்னால் இருக்கிறது. மோனோவாகச் சேர்க்கும்போது சைடு முழுவதும் அடிபட்டு, மிட் மட்டும் சுத்தமாக எஞ்சுகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931-இல் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையிலேயே இந்தக் கூட்டல் கழித்தல் சிந்தனை இருக்கிறது. தனிக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன்.

நேர்கோடு

சம அளவு சைடு என்றால் சுவர் வரும் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். புதிதாகத் தொடங்கும் பலர் அகலத்துக்கு ஆசைப்பட்டு அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறார்கள். சிறிய அறையில் அந்த ஆசையை அடக்க முடிந்தால் எனக்கு மறுப்பில்லை.

வெள்ளிநாடா

இணைகாது அவர்களே, உங்கள் 90 பாகை வாதம் தவறில்லை. ஆனால் அது கருவியின் நேரடி ஒலி சைடு மைக்கில் இருந்தால் மட்டுமே பொருந்தும். கருவிதான் செவிட்டுத் திசையில் இருக்கிறதே! சைடில் விழுவது சுவர்களில் பட்டு வரும் எதிரொலிகள். அவற்றின் ஃபேஸ் ஏற்கெனவே ஆயிரம் விதமாகக் கலைந்தது. கலைந்ததில் ரிப்பன் இன்னும் சிறிது சேர்த்தால் யார் காதுக்குத் தெரியும்?

இணைகாது

அந்த "இருந்தால்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அளந்து பார்ப்போம்.

எட்டு வடிவ மைக் நடுக்கோட்டிலிருந்து விலகிய ஒலியை அந்தக் கோணத்தின் சைன் அளவுக்குக் கேட்கும். வயலினின் உடல் சுமார் 35 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் தூரத்தில் வைத்தால் நடுவிலிருந்து ஓரம் வரை 7 பாகைகூட இல்லை. சைன் மதிப்பு 0.12. நேரடி ஒலி 18 டெசிபல் கீழே போய்விடுகிறது. அங்கே உங்கள் கட்சி வெல்லும், மறுக்கவில்லை.

இப்போது கிட்டார். 50 சென்டிமீட்டர் தூரத்தில், 12-ஆம் கட்டையிலிருந்து (ஃப்ரெட்) உடலின் அடிப்பகுதி வரை நடுக்கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ 30 பாகை விரிகிறது. 30 பாகையின் சைன் 0.5. வெறும் 6 டெசிபல் குறைவு. கழுத்துப் பக்கத்தின் மினுக்கம் ஒருபுறம், உடலின் கனம் மறுபுறம். கிட்டாரை அருகிலிருந்து ஸ்டீரியோவில் பதிவு செய்கிறவர் தேடுவதே இந்த வேறுபாட்டைத்தான். அது முழுக்க நேரடி ஒலி, அறையிலிருந்து வருவது அன்று. அங்கே ஃபேஸ் பிசகினால் கழுத்து எந்தப் பக்கம் என்பதே தெரியாது. மூடி திறந்த பியானோவை அருகிலிருந்து எடுப்பவருக்கு நிலைமை இன்னும் கடினம்.

வெள்ளிநாடா

கிட்டாரின் 30 பாகைக் கணக்கைத் தள்ள முடியவில்லை. ஆனால் 50 சென்டிமீட்டரில் வேறொரு தொல்லை இருக்கிறது, அது உங்கள் கண்டென்சரையும் விடாது. எட்டு வடிவத்துக்கு அருகாமை விளைவு கார்டியாய்டைவிட அதிகம். அவ்வளவு கிட்டத்தில் சைடின் தாழ் சுரங்கள் வீங்கி, கிட்டாரின் அடிக்கனம் ஒரு பக்கமாகச் சாயும். எந்த மைக்காக இருந்தாலும் சைடில் தாழ் சுரங்களை வெட்டும் வடிப்பான் போட்டே தீர வேண்டும்.

இணைகாது

உண்மை. ஒரு மீட்டருக்குப் பின்வாங்கினால் பாதி சரியாகும். மிச்சத்தை டிகோட் செய்வதற்கு முன்பே, சைடில் மட்டும் வெட்டுங்கள். டிகோட் செய்த பிறகு இடது வலதில் வெட்டினால் மிட்டின் கனமும் போய்விடும்.

இரைச்சலைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. தனி வயலினுக்குச் சைடில் விழுவது மெல்லிய ஒலி. அதைத் தூக்க வேண்டியிருக்கும். ஒரு பாஸ்கலுக்கு 1 மில்லிவோல்ட் தரும் ரிப்பனை, உள்ளீட்டு இரைச்சல் −128 டிபியு (மின்னழுத்தத்தை அளக்கும் டெசிபல்) இருக்கும் நல்ல ப்ரீஆம்பில், அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதியில், சொருகினால், இரைச்சல் ஏறத்தாழ 24 டெசிபல் ஒலி அழுத்தத்துக்குச் சமம். எம்கேஎச் 30-இன் சொந்த இரைச்சல் 13 டெசிபல். சைடின் இரைச்சல் டிகோட் ஆகும்போது இரு பக்கமும் எதிரெதிர் போலாரிட்டியில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) விரிகிறது. அதனால் நடுவில் வரும் இரைச்சலைவிட அது காதில் தனித்து விழும்.

வெள்ளிநாடா

அதற்கு ப்ரீஆம்புக்கு முன்னால் பூஸ்டர் என்ற சிறு பெருக்கியைப் போடலாம்.

இணைகாது

ப்ரீஆம்ப் மோசமாக இருந்தால் பூஸ்டர் காப்பாற்றும். −128-இல் இருக்கும் ப்ரீஆம்பை அதனால் பெரிதாக மேம்படுத்த முடியாது. 150 ஓம் மின்தடையின் வெப்ப இரைச்சலே −131-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

ஆனால் புதுநாணுக்குப் பூஸ்டர் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படும். அவருடைய மிட் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும். ஒரே சுவிட்ச் என்பதால் ரிப்பனுக்கும் அது போகும். சரியாகக் கம்பி சுற்றிய பேலன்ஸ்டு கேபிளில் ஆபத்தில்லை. கேபிளில் ஒரு முனை அறுந்திருந்தால் நாடா இழுபட்டுக் கெடலாம். பெரும்பாலான பூஸ்டர்கள் அந்த மின்சாரத்தைத் தாமே உண்டு, மைக்குக்கு விடாமல் தடுத்துவிடும்.

தூரத்துஒலி

மிட் கார்டியாய்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். நல்ல கூடத்தில் நான் மிட்டுக்கு, எல்லாத் திசைகளையும் சமமாகக் கேட்கும் ஆம்னியை வைப்பேன். செல்லோவின் அடித்தந்தி ஆம்னியில் கிடைப்பதுபோல் கார்டியாய்டில் கிடைப்பதில்லை. சம அளவு சைடோடு டிகோட் செய்தால், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இரண்டு கார்டியாய்டுகள் கிடைக்கும். பின்னாலிருந்து வருவதும் முன்னால் வருவதும் சம அளவில் பதிவாகும் என்பதால் சிறிய அறைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் வடிவம் மாற்றும் கண்டென்சரை வாங்கினால், பின்னாளில் இன்னொரு எட்டு வடிவம் சேரும்போது அதையே மிட் ஆக்கும் இந்த வழியும் திறந்திருக்கும். ரிப்பன் எந்நாளும் எட்டு மட்டுமே.

மைக்குகளை எப்படி அடுக்குவது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்றின் தலைக்கு மேல் மற்றொன்றின் தலை, செங்குத்தாக. மேல்-கீழ் இடைவெளி சில சென்டிமீட்டர் இருந்தாலும் பாதகமில்லை. ஒன்று மற்றொன்றைவிட 2 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி நின்றால், 4.3 கிலோஹெர்ட்ஸில் கால் அலைநீளம். இணைகாது அஞ்சுகிற அந்த 90 பாகையை, மிக நேர்த்தியான ஜோடியைக்கொண்டே நாமே உண்டாக்கிவிடுவோம்.

புதுநாண்

எல்லோருக்கும் நன்றி. என் பதிவுகளில் பெரும்பகுதி கிட்டார்தான், அதுவும் அருகிலிருந்து. வயலின் எப்போதாவது. அப்படியானால் கண்டென்சர் பக்கம் சாய்கிறேன். வாங்குவதற்கு முன் இரண்டையும் இரவல் வாங்கிச் சோதிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. எதைக் கேட்டால் வேறுபாடு தெரியும்?

இணைகாது

இசையைப் பதிவு செய்து ஒப்பிடாதீர்கள். வாசிப்பு ஒவ்வொரு முறையும் மாறும். மைக்கிலிருந்து ஒரு மீட்டரில், நடுக்கோட்டிலிருந்து 30 பாகை இடப்பக்கம் நின்று "இடது" என்று சொல்லிக்கொண்டே சாவிக்கொத்தை ஆட்டுங்கள். வலப்பக்கமும் அப்படியே. டிகோட் செய்து ஹெட்போனில் கேளுங்கள். குரலும் சாவியின் உயர் சுரங்களும் ஒரே இடத்திலிருந்து வந்தால் ஜோடி பொருந்துகிறது. குரல் ஓரத்திலும் சாவி நடுவிலுமாகப் பிரிந்தால் பொருந்தவில்லை. "இடது" வலப்பக்கம் கேட்டால் மைக்கின் குற்றமில்லை, சைடின் போலாரிட்டியைத் திருப்பினால் சரியாகிவிடும்.

வெள்ளிநாடா

அதோடு என் சோதனையையும் செய்யுங்கள். நடுவில் நின்று பேசிக்கொண்டே சைடு மைக்கை மட்டும் ஹெட்போனில் கேட்டு, குரல் மிக மெலியும் வரை மைக்கைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அந்த இடத்தில் எந்த மைக்கில் குரல் அதிகமாகக் கரைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிப்பனில்தான் கரையும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கிட்டாருக்கு நீங்கள் கண்டென்சரையே வாங்கினாலும், வயலினுக்கு அந்தப் பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

புதுநாண்

இரண்டையும் செய்கிறேன். டிகோட் செய்யாத மிட், சைடு கோப்புகளாகவே இங்கே ஏற்றிவிடுகிறேன்; அகலத்தை அவரவர் விருப்பப்படி வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.