டிஆர்ஓ மாட்டிய பிறகும் எக்ஸ் அச்சில் 0.04 மி.மீ. வித்தியாசம். கோளாறு ஸ்கேலிலா, வேறெங்காவதா?

பழையமில்:
வணக்கம். டரட் மில்லிங் மெஷினுக்குப் போன வாரம் டிஆர்ஓ (டேபிள் நகர்ந்த தூரத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும் கருவி) மாட்டினேன். கண்ணாடி ஸ்கேல், ஒரு படி 5 மைக்ரான் (0.005 மி.மீ.). எக்ஸ் ஸ்கேல் டேபிளுக்குப் பின்பக்கம், ஒய் ஸ்கேல் சாடிலின் (டேபிளைத் தாங்கும் பாகம்) பக்கவாட்டில். இனிமேல் கைப்பிடிச் சுற்றை எண்ணி, பேக்லாஷை (திசை மாறும்போது ஸ்க்ரூவில் வரும் வெற்று ஆட்டத்தை) கழித்துக் கணக்குப் போடும் வேலை இல்லை என்று நினைத்தால், டிஆர்ஓவே பேக்லாஷ் காட்டுது!

ஸ்பிண்டிலில் டயல் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) கட்டி, டேபிளில் கவ்விய பிளாக்கின் பக்கவாட்டு முகத்தில் தொட வைத்தேன். இடமிருந்து வந்து டயல் பூஜ்யத்தில் நிற்கும்போது டிஆர்ஓவையும் பூஜ்யமாக்கினேன். டேபிளைத் தாண்டவிட்டு வலமிருந்து திரும்பி வந்தால், டயல் அதே பூஜ்யத்தில் இருக்கு, டிஆர்ஓ 0.040 காட்டுது. சில தடவை 0.035. ஒய் அச்சில் இந்தத் தகராறே இல்லை. 1 மைக்ரான் ஸ்கேல் போட்டிருக்கணுமோ? இல்லை, காந்த ஸ்கேலுக்குப் போயிருக்கணுமோ?

சீவல்:
ஸ்கேல் டேபிளோடு இணையாக இருக்காது. கோணலாக மாட்டினால் அளவு தப்பத்தான் செய்யும். கழற்றிட்டு முதலிலிருந்து மாட்டுங்க.

டயல்தாத்தா:
சீவல் தம்பி, கொஞ்சம் பொறுங்க. 500 மி.மீ. நீளத்துக்கு ஸ்கேல் 1 மி.மீ. கோணலாகவே இருக்கட்டும். அதனால் வரும் அளவுப் பிழை மொத்தமே 0.001 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்க. 0.04-க்கு அது காரணம் ஆகாது. கோணல் கூடாது என்பது வேறு காரணத்துக்காக: ஸ்கேலைப் படிக்கும் ரீடர் ஹெட்டுக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு முனையில் இறுகும், ஹெட் உரசித் தேயும். அதனால்தான் 0.1-க்குள் வைக்கச் சொல்றாங்க.

பழையமில், 1 மைக்ரான் ஸ்கேல் போட்டாலும் இதே தப்பை இன்னும் பொடிப் படியில் காட்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கத்திலிருந்து வர்றோம் என்பதைப் பொறுத்து அளவு மாறுதுன்னா ஏதோ ஒன்று வளையுதுன்னு அர்த்தம். டேபிளை லாக் பண்ணுங்க. ரீடர் ஹெட்டைக் கட்டைவிரலால் எக்ஸ் திசையில் அழுத்துங்க, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. எண் எவ்வளவு ஓடுதுன்னு சொல்லுங்க.

பழையமில்:
ஐயா, லேசாத்தான் அழுத்தினேன். 0.06 ஓடுது! விரலை எடுத்தால் திரும்பிடுது. ஹெட்டைச் சாடிலோடு பிடிக்க, ஸ்கேலோடு வந்த பிராக்கெட்டையே போட்டிருக்கேன்: 3 மி.மீ. அலுமினியத் தகடு, 110 மி.மீ. நீளம், ஸ்லாட்டில் ஒரே போல்ட். படம் போட்டிருக்கேன்.

டயல்தாத்தா:
அப்போ ஆள் பிடிபட்டுட்டான். தகட்டின் மெல்லிய பக்கம் சரியாக டேபிள் ஓடும் திசையில் நிற்குது. ஸ்கேலை மூடியிருக்கும் ரப்பர் சீலின் உரசல் ஹெட்டைப் பிடிச்சு இழுக்கும்போதெல்லாம் தகடு வளைந்து கொடுக்குது.

8 மி.மீ. கனத்துக்குக் குறையாத இரும்பு ஆங்கிள் எடுத்து, முடிந்த அளவு குட்டையாக வெட்டி, சாடிலில் இரண்டு போல்ட் போடுங்க. ஸ்லாட் வேண்டாம், துளை போட்டு சிம் (மெல்லிய தகடு) வெச்சு உயரம் சரி பண்ணுங்க. ஹெட்டோடு வந்த பிளாஸ்டிக் ஸ்பேசரை எடுக்காமலே போல்ட்டை இறுக்குங்க, அதுதான் இடைவெளியைக் காக்கும். கடைசி போல்ட்டை இறுக்கும்போது ஒரு கண் டிஆர்ஓ மேல் இருக்கட்டும். எண் 0.005-க்கு மேல் நகர்ந்தால் ஹெட்டை பிராக்கெட் இழுக்குதுன்னு அர்த்தம். ஆங்கிளின் முகம் சமமாக இல்லை, இன்னும் சிம் வேணும்.

கிப்காரன்:
பிராக்கெட்டை மாத்தின பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் டேபிள் கிப்பை (சறுக்குப் பாதையின் இடைவெளியை இறுக்கும் பட்டை) பாருங்க. கிப் லூஸாக இருந்தால் திசை மாறும்போது டேபிள் ஒரு துளி கோணலாகத் திரும்பும். 300 மி.மீ.க்கு 0.02 திரும்பினாலே, கட்டரிலிருந்து 150 மி.மீ. தள்ளிப் பின்னால் இருக்கும் ஸ்கேல் 0.01 தப்பாச் சொல்லும். ஸ்கேல் பொய் சொல்லலை, அது இருக்கும் இடத்தில் நடந்ததைச் சொல்லுது.

காந்த ஸ்கேல் கேட்டிருந்தீங்க. டேப்பை வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கலாம், கூலண்ட்டுக்கு அசராது, இடமும் கம்மியாப் பிடிக்கும். ஆனால் டயல் ஸ்டாண்டின் காந்த அடித்தளத்தை அதன் மேல் ஒட்டிடாதீங்க, பதிவே கெட்டுப்போகும். உங்களுக்கு எப்படியும் அதுக்கும் இதே பிராக்கெட்தான், இதே வளைவுதான் வந்திருக்கும்.

இன்னொன்று, டிஆர்ஓ பேக்லாஷைக் கணக்கிலிருந்துதான் எடுக்கும், டேபிளை நகர்த்தும் லீட்ஸ்க்ரூவிலிருந்து எடுக்காது. கட்டர் சுற்றும் திசையிலேயே ஜாப்பை (வெட்டுப்படும் பொருளை) ஊட்டினால் டேபிளை இழுத்துக்கிட்டு ஓடத்தான் செய்யும்.

பழையமில்:
12 மி.மீ. ஆங்கிள் போட்டாச்சு. அழுத்தினால் ஒரு படி கூட நகரலை. 0.040 இப்போ 0.010. கிப்பைக் கால் சுற்று இறுக்கினதும் 0.005-க்கு வந்திடுச்சு. கைப்பிடி கொஞ்சம் கனமாகுது, பரவாயில்லை.

டயல்தாத்தா:
5 மைக்ரான் ஸ்கேலில் 0.005 என்பது ஒரு படி. அதோடு நிறுத்திக்கோங்க, இதுக்கு மேல் துரத்த வேண்டாம்.

இப்போதான் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஸ்கேலின் ரப்பர் உதடு மேல்நோக்கி இருக்கிற மாதிரி தெரியுதே?

பழையமில்:
மேலேதான் ஐயா. ஏன்?

டயல்தாத்தா:
கூலண்ட்டும் இரும்புச் சீவலும் நேரா உள்ளே இறங்கும். உதடு கீழே பார்க்கணும். திருப்பி மாட்டினால் எண்ணும் திசை மாறலாம், அதை டிஸ்ப்ளே செட்டிங்கில் மாத்திக்கலாம். ஆங்கிளைத்தான் மறுபடி வெட்டணும்.

பழையமில்:
ஆங்கிளுக்கு இன்னிக்குத்தான் பெயிண்ட் அடிச்சேன்.