மீள்திறனா, தாங்குதிறனா? (கடலோரக் கையேடு, அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

கடலோரக் கொள்கை ஆய்வறிக்கை ஒன்றின் சுருக்கத்தைக் கிராம சபைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ரெசிலியன்ஸ்' (இடரைச் சமாளித்து நிற்கும் திறன்) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது; கூடவே 'அடாப்டேஷன்' (மாறும் சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்வது). மீள்திறன், தகவமைப்பு என்று போட்டிருந்தேன். நேற்று அக்கரைப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். "போன கரை எங்கம்மா மீண்டுச்சு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு 'மீள்' என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.
— நாகப்பட்டினம்

அம்மா, பெரியவர் கேட்டது சரியான கேள்வி. 'மீட்சி' ஏற்கெனவே இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் மீட்சிப்பண்பு என்றால் இழுத்துவிட்ட கம்பி பழைய நீளத்துக்குத் திரும்புவது. தமிழக அரசு 2023இல் கடலோரத்துக்காக அறிவித்த நெய்தல் மீட்சி இயக்கத்திலோ அது சீரமைப்பு. நமக்கு வேண்டியது இரண்டும் இல்லை. வள்ளுவர் "சிதைவிடத்து ஒல்கார் உரவோர்" என்கிறார். அம்பு தைத்தும் நிலைகுலையாத களிறுதான் அங்கே உவமை. ஒல்குதல் தளர்தல். ஆகவே ஒல்காமை; திறனைச் சொல்ல வேண்டுமானால் ஒல்காத்திறன். வலிமையைக் குறிக்கும் 'உரம்' இதைவிடச் சுருக்கம்: கடலோர உரம்.
— தஞ்சாவூர்

ஐயா, கடலோர உரம் என்றால் எங்கள் ஊரில் யூரியா மூட்டை எந்தச் சங்கத்தில் கொடுக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஒல்காமை பொருளிலேயே இடறுகிறது. சூழலியலாளர் ஹோலிங் 1973இல் எழுதிய கட்டுரையில் நிலைத்தன்மையையும் ரெசிலியன்ஸையும் பிரித்தார். குலைந்த பின் பழைய சமநிலைக்குத் திரும்புவது முன்னது. மாற்றத்தை உள்வாங்கிக்கொண்டு அமைப்பு அழியாமல் தொடர்வது பின்னது. அதாவது ஒல்கலாம், முறியக் கூடாது. சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் குடிபெயர்ந்த குடும்பங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆனால் கடல் தொழிலை விடவில்லை. அவர்களுக்கு 'மீள்' பொருந்தாது, களிறும் பொருந்தாது. என் வாக்கு தாங்குதிறனுக்கு.
— சென்னை

தாங்குதிறன் என்றால் பாலம் எத்தனை டன் தாங்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அண்ணா. பிச்சாவரத்துக்காரன் ஒன்று சொல்லட்டுமா? விடை கடலோரச் சதுப்பில் வளரும் எங்கள் அலையாத்திக் காட்டிலேயே இருக்கிறது. அலையாத்தி என்பது அலை ஆற்றி. அலையைத் தணிப்பது, தானும் பொறுப்பது, பிறகு ஆறுவது: மூன்றும் 'ஆற்று' என்ற ஒரே வேரில் இருக்கின்றன. புண் ஆறுகிறது, பசி ஆற்றுகிறோம், துயர் ஆற்றுகிறோம். 'ஆற்றுமை' என்று ஆக்கினால் என்ன?
— பரங்கிப்பேட்டை

தம்பி, அழகு. ஆனால் அந்த ஆத்தி 'ஆற்றி'யின் திரிபு என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஆத்தி தனி மரம். ஆர் என்றும் பெயர், சோழர் மாலையாகச் சூடிய பூ அதனுடையது. அலைக்கரையில் நிற்கும் ஆத்தி என்றும் பிரிக்கலாமே. மேலும் ஆற்றலை இயற்பியல் எடுத்துக்கொண்டுவிட்டது. அலையாற்றல் என்று எழுதினால் மின்சாரம் எடுக்கும் திட்டம் என்று நினைப்பார்கள். ஒல்காமைக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.
— தஞ்சாவூர்

குழப்பம் இல்லாததற்குக் காரணம், அது யாருக்கும் விளங்காததுதான் ஐயா. கோபிக்க வேண்டாம். தூண்டில் வளைவு என்ற சொல்லைப் பாருங்கள். கடலுக்குள் வளைத்துக் கொட்டிய கல்சுவரின் வடிவைப் பார்த்து வைத்த பெயர். வேர் தேடாமலே அரசாணை வரை போய்விட்டது.
— சென்னை

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. அடாப்டேஷனுக்கு எங்கள் உயிரியல் பாடத்தில் இசைவாக்கம். தகவமைப்பு உயிரினத்தின் உடலமைப்பைச் சொல்வதுபோல் நிற்கிறது. ஊர் கூடி முடிவெடுத்து வீட்டை உயர்த்திக் கட்டுவதற்கு இசைவாக்கம் பொருந்தும். ரெசிலியன்ஸுக்கு, கதைக்கும்போது நாங்கள் சொல்வது தாக்குப்பிடித்தல்தான்.
— யாழ்ப்பாணம்

தாக்குப்பிடித்தல்! அக்கரைப்பேட்டைப் பெரியவரும் கடைசியில் அதையேதான் சொன்னார்: "கச்சானுக்கும் வாடைக்கும் தாக்குப்பிடிச்சாத்தான் கரை." (இரண்டும் காற்றின் பெயர்கள்.) ஆனால் கையேட்டை வெளியிடுபவர்கள் தலைப்பில் மீள்திறன்தான் வேண்டும் என்கிறார்கள், பழகிய சொல் என்று. இங்கே படிப்பவர்களிலும் தனிமடலில் நால்வர் அதற்கே இசைந்தார்கள், சோர்ந்துபோய். எனவே அட்டையில் மீள்திறன், உள்ளே தாக்குப்பிடிக்கும் திறன். தகவமைப்பை மாற்ற நேரமில்லை. இசைவாக்கத்தை அடைப்புக்குறியில் ஒரு முறை கொடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.
— நாகப்பட்டினம்

அட்டையில் ஒன்று, உள்ளே ஒன்று என்றால் படிப்பவர் இரண்டு பொருள் என்று எண்ணுவார், அம்மா. என் மறுப்பைப் பதிவுசெய்து வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது ஒல்காமையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.
— தஞ்சாவூர்