ரஃபேல் போர் விமானம் போய்த் தேடியும் கிடைக்காத பொருள் என்னவாக இருக்கும்?

காட்பாடி வாசி:
2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ பறக்கிறது என்று மூன்று மணி நேரம் போல விமானங்களை நிறுத்தி வைத்தார்கள். விமானப்படை இரண்டு ரஃபேல் அனுப்பித் தேடியது, ஒன்றும் சிக்கவில்லை. அவ்வளவு நல்ல ரேடார் இருந்தும் எப்படித் தப்பியது? கம்மவான்பேட்டையில் இருக்கிற என் மாமா ராணுவத்தில் இருந்தவர், அவரே "தெரிஞ்சும் சொல்ல மாட்டாங்கடா" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஆபரேட்டர், அரக்கோணம்:
தம்பி, நான் ரேடார் திரை முன்னால் பல வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்தவன். புள்ளி ஒன்று தெரிந்தால் முதல் கேள்வி "இது யாருடையது" என்பதுதான். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பறக்க அனுமதி வாங்கிய விமானங்களின் பட்டியலோடு ஒத்துப் பார்ப்போம், பக்கத்து நிலையத்துக்குப் போன் போட்டு அவர்களுக்கும் தெரிகிறதா என்று கேட்போம். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் பாதி சந்தேகம் நம் ரேடார் மேலேயே திரும்பும்.

ஜனவரி விடியற்காலையில் பாலாற்றங்கரையில் செங்கல் சூளைப் புகையைப் பார்த்திருப்பீர்கள். நேராக எழும்பிப் போய், ஒரு உயரத்தில் கூரையில் முட்டியதுபோல நின்று, பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று. இந்த அமைப்பு பலமாக இருந்தால் ரேடார் அலையும் வளைந்து தரைக்கு இறங்கி, எங்கோ இருக்கிற மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பும். திரையில் அது வானத்துப் பொருள் மாதிரியே நிற்கும், சில சமயம் நகரவும் செய்யும். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். 1952 ஜூலையில் வாஷிங்டன் மேலே தெரிந்த புள்ளிகளுக்கு அமெரிக்க விமானப்படை சொன்ன காரணமும் இதுதான்.

சத்துவாச்சாரி:
ஐயா, மன்னிக்கணும், வாஷிங்டன் விஷயத்தை அவ்வளவு எளிதாக மூட முடியாது. அங்கே போன விமானி ஒருவர் வெளிச்சங்களைக் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் வானில் தெரிந்த மர்மப் பொருட்களைப் பற்றி அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் விசாரணையில் 12,618 புகார்களில் 701க்கு விடை கிடைக்கவே இல்லை. அதுவும் கணக்கில் வரணும்.

பழைய ஆபரேட்டர், அரக்கோணம்:
நியாயம்தான். ஆனால் விடை இல்லை என்றால் தகவல் போதவில்லை என்று அர்த்தம், அதற்கு மேல் எதையும் அதில் ஏற்றக் கூடாது. இம்பாலைப் பொறுத்தவரை, சின்ன ட்ரோனோ பலூனோ மெதுவாகப் போனால் ரேடார் கணினி அதைப் பறவை, மேகம் என்று நினைத்துக் கழித்துவிடும். 2023 பிப்ரவரியில் சீன பலூனைச் சுட்ட பிறகு அமெரிக்கர்கள் இந்த வடிகட்டலைத் தளர்த்தினார்கள், உடனே இன்னும் பொருட்கள் கண்ணில் பட்டன, ஒரே வாரத்தில் மூன்றைச் சுட்டார்கள்.

ஆலங்காயம்:
லடாக்கில் 2012 வாக்கில் நம் வீரர்கள் இரவில் வெளிச்சம் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தார்கள், 329 தடவை. சீன உளவு ட்ரோன் என்று சந்தேகம். ராணுவம் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கேட்டது, அதாவது எங்கள் ஜவ்வாது மலைக் காவலூரில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள். பார்த்துச் சொன்னார்கள்: வெள்ளி, வியாழன் கிரகங்கள். உறைபனியில் நின்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்த அந்த வீரர்களால்தான் இந்த விடையே கிடைத்தது.

காட்பாடி வாசி:
ரொம்ப நன்றி ஐயா. பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போகும்போது விடியற்காலையில் அந்தச் சூளைப் புகையை அவருக்கும் காட்டணும்.