அரிசியை நிறுத்தி 11 கிலோ குறைந்தாயிற்று. இனி நடைப்பயிற்சி எதற்கு?

பெரம்பூர் பாலா:
வயது 43, உயரம் 168 செ.மீ. மூன்று வருஷம் தினமும் காலையில் நடந்தேன். 94 கிலோவிலிருந்து முள் அசையவில்லை. நான்கு மாதத்துக்கு முன் அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை, பழம் எல்லாவற்றையும் நிறுத்திப் பேலியோ உணவுமுறைக்கு வந்தேன். காலையில் பாதாம், மதியம் முட்டையும் காய்கறியும், இரவு கோழி அல்லது பனீர். இப்போது 83. நடப்பதையும் விட்டுவிட்டேன். வாயைக் கட்டினால் போதும், செருப்பைத் தேய்க்க வேண்டாம். மறுப்பவர்கள் வரலாம்.

நடைராஜன், அண்ணா நகர்:
வந்துவிட்டேன். முதல் பத்து நாளில் எத்தனை கிலோ இறங்கியது சார்? அது பெரும்பாலும் தண்ணீர். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அரிசியை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும். நாலு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்தே திரும்பி வரும்.

பெரம்பூர் பாலா:
மூன்றரை கிலோ. ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் ஏழரையும் தண்ணீரா?

உங்கள் நடைக்கு வருவோம். என் எடையில் ஒருவர் சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 300 கலோரி போகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகும் பங்கும் அதில் அடக்கம். முடித்துவிட்டு எல்லோரும் போவது எங்கே? பொங்கல் வடைக்கு. மூன்று வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹாட்ஸா மக்களைப் பற்றி ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்ஸர் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அவர்கள் அவ்வளவு நடந்தும், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், ஒரு நாளில் எரிக்கும் மொத்தக் கலோரி நாற்காலி வேலை பார்க்கும் அமெரிக்கர்கள் எரிப்பதைவிடக் கூடுதல் இல்லை.

சிறுதானியப் பிரியன்:
சாமைக்கும் வரகுக்கும் மாறுங்கள். எடை தானாக இறங்கும்.

கறிவேப்பிலை:
நூறு கிராம் சாமையும் நூறு கிராம் அரிசியும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். நார்ச்சத்துக்காகச் சாப்பிடுங்கள், தானாக எதுவும் இறங்காது.

பாலா சார், காலையில் எத்தனை பாதாம்? பேலியோ குழுக்களில் சொல்லும் நூறா? ஒன்றுக்கு ஏழு கலோரி வைத்தாலும் 700. நாலு இட்லியும் சாம்பாரும் அதில் பாதிதான் வரும்.

பெரம்பூர் பாலா:
நூறேதான் மேடம். ஆனால் இட்லி சாப்பிட்டால் பதினோரு மணிக்கே வயிறு கூப்பிடும். பாதாம் சாப்பிட்டால் மூன்று மணி வரை பசி எட்டிப் பார்ப்பதில்லை. மாலை போண்டாவும் போயிற்று.

கறிவேப்பிலை:
அதைத்தான் சொல்ல வந்தேன். உங்களை இளைக்க வைத்தது அந்தப் போண்டா இல்லாத மாலைதான். அரிசி ஒன்றும் விஷமில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மாவுச்சத்தையும் மீதிப் பேருக்குக் கொழுப்பையும் குறைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. முதல் கூட்டம் சராசரியாக 6 கிலோ குறைந்தது, மற்றது 5.3. பொருட்படுத்தும் வித்தியாசமில்லை என்றார்கள். சர்க்கரையையும் மைதாவையும் குறை, காய்கறியைக் கூட்டு என்பது இரண்டு பக்கத்துக்கும் பொது. பருப்பை ஏன் நிறுத்தினீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. உங்களுக்காவது முட்டை, கோழி உண்டு. உங்களைப் பார்த்துச் சைவக்காரர் ஒருவர் அதையும் விட்டால் புரதத்துக்குப் பனீரே கதியா?

இன்னொன்று. உங்கள் வீட்டில் சமைப்பது யார்?

தாம்பரம் லோக்கல்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றை நிறுத்த வேண்டாம். என் சித்தப்பா நிறுத்தினார். கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டார். மூன்றாம் நாள் ரத்தச் சர்க்கரை ரொம்ப இறங்கி, மின்சார ரயிலில் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கி, பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் சாக்லேட் கொடுத்துத்தான் தெளிந்தார். முதலில் டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைச் சரி செய்யுங்கள்.

நடைராஜன், அண்ணா நகர்:
மிக அவசியமான பதிவு.

பாலா சார், எடையைக் குறைப்பதில் சாப்பாட்டுக்குத்தான் பெரிய பங்கு. அதில் உங்களோடு சண்டை இல்லை. குறைந்ததைக் காப்பாற்றுவது வேறு வேலை. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருஷமாவது ஏற விடாதவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். அவர்கள் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள். நீங்கள் அசைவதையே விட்டீர்கள். போன ஏழரை கிலோவில் தசை எவ்வளவு என்று தெரியுமா? மூன்றாம் மாடிக்கு ஏறினால் தொடை நடுங்குகிறதா?

பெரம்பூர் பாலா:
லிஃப்ட் இருக்கிறது. (நடுங்குகிறது.)

சமையல் மனைவிதான். எனக்கு ஒரு அடுப்பு, பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் இன்னொரு அடுப்பு. நேற்றுதான் “இது எத்தனை நாளைக்கு?” என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

கறிவேப்பிலை:
நாலு மாதம் கழித்தா கேட்டார்? பொறுமைசாலி. ஒரே சாம்பார், ஒரே பொரியல் வையுங்கள். உங்கள் தட்டில் சோறு ஒரு கரண்டி, பொரியல் மூன்று கரண்டி. முட்டையை நீங்களே அவித்துக்கொள்ளலாம்.

பெரம்பூர் பாலா:
பருப்பைத் திரும்பச் சேர்க்கிறேன். சோறு இப்போதைக்கு இல்லை, அதில் மாற்றமில்லை. நடையும் வேண்டாம், எனக்கு அலுப்பு. வீட்டிலேயே தண்டால், பஸ்கி போடுகிறேன். இனி எடை போடவும் போவதில்லை. நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். இன்று டேப் வைத்தேன், 101. தீபாவளிக்கு அடுத்த நாள் மறுபடி அளந்து இங்கேயே போடுகிறேன்.

நடைராஜன், அண்ணா நகர்:
தீபாவளிக்கு முந்தின நாளே அளந்துவிடுங்கள் சார்.