மழை பெய்யாத கர்ணன்

பாம்பன்காரன்:

பழைய படங்களைத் துடைத்துப் புதுசாக்கி வெளியிட்டபோது தியேட்டரில் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்றதால் என் பங்கு.

2012, ஏப்ரல் கடைசி. மீன்பிடித் தடைக்காலம், அப்போது 45 நாள்தான். விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தன. அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது, நல்ல வலையையே பிரித்துத் திரும்பக் கோர்த்துக்கொண்டிருந்தார். மதுரையில் ‘கர்ணன்’ ஓடுகிறது என்றேன். மறுநாள் காலை பாசஞ்சரில் ஏறிவிட்டோம்.

படம் வந்தது 1964 பொங்கலுக்கு. பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து எங்கள் பக்கம் வருவதற்குள் டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போய்விட்டது. உடைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். சாலைப் பாலம் வந்தது 1988இல்தான் என்பதால் படப்பெட்டியும் ரயிலில்தான் வரவேண்டும். இன்றைக்கும் அப்பா கணக்கில் ‘கர்ணன்’ புயலுக்குப் பிந்தின படம்.

அவர் பார்த்தது டெண்ட்டு கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து. ஒரே புரொஜக்டர், அதனால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. கச்சான் காற்று அடித்தால் திரை உப்பிக்கொள்ளும், சிவாஜிக்குத் தொந்தி விழும் என்பார். பிறகு 80களில் ஒருமுறை பார்த்தபோது பிரிண்ட் வெளிறிப்போயிருந்ததாம். ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுக்கு அது ஒரு வியாதி. வருஷம் ஆக ஆக நீலம் முதலில் போகும், மிச்சமெல்லாம் ரோஸ் கலரில் நிற்கும்.

மதுரையில் விளக்கணைந்து படம் ஆரம்பித்ததும் அப்பா என் முழங்கையைப் பிடித்துவிட்டார். கோடே இல்லை! பழைய பிரிண்டில் முதல் காட்சியிலிருந்தே கீறல் கோடுகள் மழைபோலப் பெய்யும். நொடிக்கு 24 சட்டம், அதாவது பிரேம், மூன்று மணி நேரப் படமென்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல். அத்தனையிலும் தூசியும் கீறலும் எடுத்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். “நம்ம வலையைவிடப் பெரிய வலையால்ல இருக்கு” என்றார். கண் திரையை விட்டு நகரவில்லை.

கண்ணனாக என்.டி.ராமாராவ் நீல நிறத்தில் வந்ததும்தான் விஷயம். “கண்ணன் செவப்பால்ல இருந்தாரு?” என்று உரக்கவே கேட்டுவிட்டார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு. ஆனால் அப்பா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 30 வருஷமாக அவர் மனசில் இருந்தது அந்த வெளிறிப்போன பிரிண்டுதான்.

நெருக்கமான காட்சிகளில் ஒட்டுமுடியின் ஓரம், நகையில் பதித்த கண்ணாடிக்கல் எல்லாம் தெரிந்தன. எனக்கு அது இடைஞ்சலாகப்படவில்லை, சிலருக்குப் படலாம். கடைசியில் அம்பு தைத்துக் கர்ணன் கிடக்க, சீர்காழி கோவிந்தராஜன் குரல் நாலு பக்கமிருந்தும் வந்தபோது அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பும் ரயிலில் ஒரே ஒரு குறை சொன்னார்: ஏசி ரொம்பக் குளிர்.

கீழக்கரை:

எல்லாம் இப்படி அமைவதில்லை காக்கா. உம்மாவை ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கூட்டிப்போனேன், பெயர் வேண்டாம். பிலிமுக்கென்று ஒரு சொரசொரப்பு உண்டே, அதையும் அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். முகமெல்லாம் மெழுகுப் பொம்மை. போதாக்குறைக்கு, கிட்டத்தட்டச் சதுரமாக எடுத்த படத்தை ஸ்கோப் என்ற அகலத்திரை அளவுக்கு இழுத்திருந்தார்கள். அகலம் வேண்டுமென்றால் மேலேயும் கீழேயும் வெட்டத்தானே வேண்டும்? நடனக் காட்சியில் பாதத்தைக் காணோம். “சலங்கை சத்தம் கேக்குது, கால் எங்கடா வாப்பா?” என்றார் உம்மா. 2கே, 4கே என்று படத்தின் துல்லியத்தைப் போஸ்டரில் போடுகிறவர்கள் எந்த அளவுச் சட்டத்தில் காட்டுகிறார்கள் என்பதையும் போடலாம்.

தொண்டி, பழைய ஆபரேட்டர்:

தம்பிகளா, நான் புரொஜக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டியவன். இப்போது ஹார்ட் டிஸ்க்கில் படம் வருகிறது, அதைத் திறக்கத் தனியாக டிஜிட்டல் சாவி அனுப்புகிறார்கள், குறித்த நாள் முடிந்தால் சாவியும் செத்துப்போகும். பிலிம் அறுந்துவிடும் என்ற பயமே இல்லை. எங்களுக்கு அறுந்தால் கத்தரித்து, சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்ற பசை தடவி ஒட்டவேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு மூன்று சட்டம் போய்விடும். பிலிமில் சத்தம் படத்துக்கு 20 சட்டம் முன்னால் பதிந்திருக்கும், அதனால் ஒருத்தர் முகத்தை வெட்டினால் இன்னொருத்தர் பேச்சு போகும்.

2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ டிஜிட்டலில் வந்தபோது மகள் கூட்டிப்போனாள். அது கார்வார் பக்கம் எடுத்த கடல், தண்ணீர் நிறமே நம்ம ஊர்போல இல்லை. படம் பாதியில் ஒரு இடத்தில் எம்.ஜி.ஆர். முழு வாக்கியமும் பேசிவிட்டார். எங்கள் பிரிண்டில் அந்த இடத்தில் எப்போதும் ஒரு சொல் தாண்டிக் குதிக்கும், ஜனங்களும் அப்படியே மனப்பாடம் பண்ணிச் சொல்வார்கள். நான் சிரித்ததைப் பார்த்து மகள் என்னப்பா என்றாள். அந்தச் சொல்லை வெட்டியது நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது.