லிஸ்பனில் குடித்த கஞ்சி

நாங்கள் நாலு பேர். மூன்று பேர் குமுளி, ஒருத்தன் கம்பம். போன அக்டோபரில் போர்ச்சுகல் போய் வந்தோம். அத்தனை நாடு இருக்க அங்கே ஏன் என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். எங்களில் மிளகு போட்டிருப்பவனின் பிடிவாதம்தான் காரணம். 1498-இல் நம் மிளகைத் தேடித்தானே வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினான், அவன் ஊரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பகலில் லிஸ்பனின் பெலேம் பகுதியில் உள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்தில் காமாவின் கல்லறையைப் பார்த்தோம். 1524-இல் அவன் இறந்தது கொச்சியில். முதலில் புதைத்த இடத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பிரான்சிஸ் தேவாலயத்தில் பார்த்திருக்கிறோம். அந்த இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டதில் மிளகுக்காரனுக்கு அப்படி ஒரு நிறைவு.

ராத்திரிச் சாப்பாடு அல்ஃபாமா மேட்டில், இருபது பேர் உட்காரும் அளவுக்கு ஒரு சின்ன உணவகம். முன்பதிவு செய்திருந்தோம். ஆளுக்கு 110 யூரோ, ஏழு வகை, அவர்களே ஒவ்வொன்றாகக் கொண்டு வருவார்கள். போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அந்த ஊரில் உட்கார்ந்ததும் ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் கொண்டு வந்து வைப்பார்கள். பல இடங்களில் அதற்குத் தனிக் காசு. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

இரண்டாவதாக ஒரு குழிக்கிண்ணம் வந்தது. அடியில் கொஞ்சம் சோறு, கிழித்த கோழிக்கறி, ரெண்டு புதினா இலை. பரிமாறிய பெண் கண் முன்னாலேயே கொதிக்கக் கொதிக்கக் கோழிச்சாற்றை ஊற்றிவிட்டு, "கான்ஜா" என்றாள். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அவர்கள் வீட்டில் இதைத்தான் கொடுப்பார்களாம். அந்தச் சொல்லே உங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்றும் சொன்னாள்.

கம்பத்துக்காரன் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய அம்மா முப்பது வருஷம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். இருட்டு விலகுவதற்குள் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போவார். மடியில் தூக்குவாளி, அதில் கஞ்சி. அதைத்தான் நினைத்திருப்பான். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டான். இந்த மாதிரி இடத்தில் கேட்கலாமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளோ முகம் மலர்ந்து கொண்டு வந்தாள். மிளகுக்காரன் மட்டும், "மிளகு போதாதுடா" என்றான். மிளகு அரைக்கும் குடுவையும் வந்தது.

அப்புறம் உப்புக்கண்டம் போட்ட காட் மீன், பன்றிக்குட்டி வறுவல், லவங்கப்பட்டை தூவிய பால்சோறு எல்லாம் வந்தன. நன்றாகத்தான் இருந்தன, ஆனால் எங்கள் பேச்சு கஞ்சியை விட்டு நகரவில்லை.

அறைக்கு வந்து தேடிப் பார்த்தோம். கோவாவில் இருந்த கார்சியா ட ஓர்ட்டா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் 1563-லேயே கஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். அரிசித் தண்ணீரில் மிளகும் சீரகமும் சேர்த்து நோயாளிக்குக் கொடுப்பார்களாம். "நான் சொன்னேன்ல" என்று மிளகுக்காரன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

காலையில் கம்பத்துக்காரன் அம்மாவுக்குப் போன் போட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, "அம்புட்டுத் தூரத்துலயும் கஞ்சிதானா சாமி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தொட்டுக்கிறத் துவையல் வச்சாகளா?"