கலைச்சொல் உதவி: ‘வொண்டர்கிட்’ கொழுந்தா, நாற்றா?

கோத்தகிரியிலிருந்து, முதல் மடல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற கணினி ஆட்டத்தை ஆடும் பையன்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். மாலையில் காந்தி மைதானத்தில் மஞ்சு இறங்கிப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போனால், யாராவது ஒருவர் வீட்டுக் கணினி முன்னால் கூடிவிடுவார்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கோல், பாஸ், கார்னர் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அவை நம் சொற்களாகிவிட்டன. இளம் வீரர்களைத் தேடிப் பிடிக்கும் அத்தியாயத்துக்கு வந்ததும்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற சகோதரர்கள் உருவாக்கிய ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்ற ஆட்டம் 1992இல் வெளிவந்தது. அதன் வழியில் வந்தது இது. பந்தை உதைப்பது நம் வேலை இல்லை. அணியைத் தேர்ந்தெடுப்பது, ஆள் வாங்குவது, விற்பது, பயிற்சி கொடுப்பது இதெல்லாம்தான் நம் பொறுப்பு. ஒவ்வொரு வீரருக்கும் வேகம், பாஸ், மன உறுதி என்று பல தகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். இவற்றுக்குப் பின்னால், 200க்கு இத்தனை என்று இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இன்றைக்கு அவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர். இன்னொன்று, அவர் எதுவரை வளரலாம். இவை நமக்குக் காட்டப்படுவதில்லை. ஆட்டத்தில் ஸ்கவுட் என்று ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, நட்சத்திரம் போட்டு அறிக்கை அனுப்புவார். அதைத்தான் நம்ப வேண்டும். இரண்டாவது எண் பெரிதாக இருக்கும் பொடியன்தான் வொண்டர்கிட்.

ஸ்கவுட்டுக்குச் சாரணர் என்று எழுதினால் கழுத்தில் துணி கட்டிய பள்ளிப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஒற்றர் என்றால் எதிரி அணியின் அறைக்குள் ஒளிந்திருப்பவர் மாதிரி இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ‘வேலைநாடுநர்’ என்று எழுதுகிறார்கள் அல்லவா, அதை வைத்துத் ‘திறன்நாடுநர்’ என்று போட்டிருக்கிறேன். நாடுவதில் தேடுவதும் உண்டு, ஆராய்வதும் உண்டு. இதில் எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் வொண்டர்கிட்டில்தான். ‘அதிசயக் குழந்தை’ என்றால் மூன்று வயதில் திருக்குறள் ஒப்பிக்கும் பிள்ளை. பத்திரிகைகள் எழுதும் ‘இளம் நட்சத்திரம்’ இங்கே உதவாது. அறிக்கையில் ஏற்கெனவே அரை நட்சத்திரம், நாலரை நட்சத்திரம் என்று வேறு பொருளில் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பிஞ்சு என்று வைக்கலாம் என்றால், பிஞ்சிலே பழுத்தது என்ற வசவு முன்னால் வந்து நிற்கிறது.

எனக்குக் ‘கொழுந்து’ பிடித்திருக்கிறது. எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து எடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கண் ஒரு பக்கம் இருக்கும், பேச்சு ஒரு பக்கம் இருக்கும், விரல் மட்டும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே போகும். முற்றலைத் தொட்டதும் விரல் தானாக விலகிவிடும். எது இளசு, எது முற்றல் என்று தொட்ட உடனே தெரிகிற அந்த அறிவுதானே ஸ்கவுட்டின் அறிவு? குலக்கொழுந்து என்ற பழைய வழக்கும் துணைக்கு இருக்கிறது. ‘ஆட்டக்கொழுந்து’ என்று வைக்கலாமா?

அந்த இரண்டாவது எண்ணுக்கு, அதாவது பொடென்ஷியலுக்கு, விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதிலிருந்து ‘விளைதிறன்’ என்று எடுத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

கூடலூரிலிருந்து, மறுமொழி

தம்பிக்கு,

உங்கள் மடலை மகனிடம் படித்துக் காட்டினேன். இந்த ஆட்டத்தைச் சோறு தண்ணி இல்லாமல் ஆடுகிறவன் அவன். திறன்நாடுநர் நன்றாக இருக்கிறது என்றான். மற்ற இரண்டிலும் எனக்குத் தடை இருக்கிறது.

முதலில் விளைதிறன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தப் பக்கம் வந்த குடும்பம் எங்களுடையது. பாதி உறவு இன்னும் அட்டன் பக்கம்தான். அங்கே வணிகக் கல்வி படித்த என் சித்தி மகளிடம் கேட்டேன். வினைத்திறன், விளைதிறன் இரண்டும் அவர்கள் பாடப் புத்தகத்தில் நெடுநாளாக இருக்கும் சொற்கள். குறைந்த செலவில் வேலையை முடிப்பது வினைத்திறன், எண்ணிய பலனை அடைவது விளைதிறன். இன்னொரு கரையில் பிள்ளைகள் பரீட்சை எழுதும் சொல்லை எடுத்து இங்கே வேறு பொருள் கொடுத்தால், கால்பந்து என்றும் உதைபந்து என்றும் நாம் பிரிந்து கிடப்பது போதாதென்று இன்னொரு பிரிவு வரும். வேண்டாம்.

அடுத்தது கொழுந்து. தம்பி, அம்மா அதை எதற்காக எடுக்கிறார்கள்? ஆலைக்கு அனுப்ப. கிள்ளிய கொழுந்து அப்புறம் வளர்வதில்லை, சாயங்காலமே எடை போட்டு லாரியில் ஏறிவிடும். நீங்கள் சொல்லும் பையனோ வாங்கி வந்த பிறகுதான் வளர வேண்டியவன். அதோடு, ‘அறிவுக்கொழுந்து’ என்று இப்போது யாரையாவது சொன்னால் அவர் சண்டைக்கு வருவார்.

நான் தேயிலை நாற்றங்காலில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையோடு தண்டை நறுக்கிப் பாலித்தீன் பையில் ஊன்றுவோம். முதலில் எல்லாமே ஒன்று போலத்தான் இருக்கும். சில மாதம் போனால் சிலது இலை தள்ளும், சிலது அப்படியே நிற்கும். மேலே பச்சையாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பையைக் கையில் எடுத்து அடியில் வேர் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். தேறினதைத் தனியாக வரிசை வைத்து, பந்தல் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெயிலுக்குப் பழக்குவோம். அப்புறம்தான் மழை பார்த்து மலைச் சரிவில் நடுவது. ஒரே நாளில் நிழலை உருவிவிட்டால் நல்ல கன்றுகூடக் கருகிவிடும்.

இதை மகனிடம் சொன்னபோது, “பதினேழு வயசுப் பையனை எடுத்த உடனே முதல் அணியில் முழு ஆட்டம் போடக் கூடாதும்மா, பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று இறக்கணும்” என்றான். அதுதானே இது? ஓர் இடத்தில் முளைத்ததைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் நடுவதற்கு நம்மிடம் இருக்கும் சொல் நாற்று. இளம் வீரர்களைப் பழக்கி வளர்க்கும் அகாடமிக்கு நாற்றங்கால் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கோத்தகிரியிலிருந்து, இரண்டாம் மடல்

அக்காவுக்கு நன்றி. இரண்டு தடைகளையும் ஏற்கிறேன். கொழுந்தை விட மனம் வரவில்லைதான், ஆனால் கிள்ளிய பிறகு அது வளராது என்ற ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. பொதுவாக இளையோர் அணிப் பையன்கள் எல்லாரும் நாற்று. அவர்களில் தனித்துத் தெரிகிறவன் ‘வீரிய நாற்று’. நேற்று மாலை பையன்களிடம் இந்தச் சொல்லை மட்டும் சொன்னேன், விளக்கம் கொடுக்கவில்லை. ஒருவன் உடனே “வொண்டர்கிட்டா அண்ணா?” என்றான்.

பொடென்ஷியலுக்கு வருகிறேன். உதகையிலிருந்து இயற்பியல் ஆசிரியர் ஐயா தனி மடலில் ‘உள்ளுறைத் திறன்’ என்று சொல்லியிருந்தார், உள்ளுறை வெப்பம் என்பதை ஒட்டி. அழகான சொல். இரண்டு நாள் அதை எழுதிப் பார்த்தேன். உறுத்திய இடத்தைச் சொல்ல என் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கீழ்ப் பிரிவில் ஓர் ஏழை அணியை எடுத்து ஆடிக்கொண்டிருந்தேன். பதினாறு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி அறிக்கை வந்தது: இன்றைக்கு ஒன்றரை நட்சத்திரம், நாளைக்கு ஐந்து. கையிருப்பில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். நான்கு வருஷத்தில் அணி இரண்டு முறை மேல் பிரிவுக்கு ஏறியது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அவனுடைய ஐந்து தேய்ந்தது. நாலு ஆனது, அப்புறம் இரண்டரை. நான் பயிற்சியை மாற்றினேன், பயிற்சியாளரை மாற்றினேன், அவனைத் திட்டினேன். பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த நட்சத்திரங்கள் நம் அணியோடு ஒப்பிட்டுப் போடப்படுபவை. அணி உயர்ந்தது, அளவுகோலும் கூடவே உயர்ந்தது. உள்ளே இருந்த எண் முதல் நாள் எதுவோ கடைசி வரை அதுவேதான்.

ஆக, ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் பேசிப் பழகிய இடத்தில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, ஆட்டத்துக்குள் பூட்டி வைத்த எண். இன்னொன்று, ஒரு மனிதர் பார்த்துவிட்டு வந்து சொல்லும் கணக்கு. பேரிக்காய் பிஞ்சாக இருக்கும்போதே வியாபாரி மரத்தைச் சுற்றி வந்து இத்தனை மூட்டை தேறும் என்கிறாரே, அதை நாம் கண்மதிப்பு என்கிறோம். ஸ்கவுட் போடும் நட்சத்திரமும் கண்மதிப்புதான். நல்ல ஸ்கவுட் என்றால் கண்மதிப்பு நெருங்கி வரும், சுமாரானவர் என்றால் தள்ளிப் போகும். ஆட்டமே ஸ்கவுட்டுகளுக்கு அந்தத் தகுதியை 20க்கு இத்தனை என்று வைத்திருக்கிறது. எனவே நட்சத்திரத்துக்குக் ‘கண்மதிப்பு’ என்று வைக்கிறேன்.

எண்ணுக்கு ‘உச்சத் திறன்’. ஐயா மன்னிக்க வேண்டும், உள்ளுறை என்றால் அது பையனுக்குள்ளேயே இருக்கிறது, தகுந்த நேரத்தில் வெளியே வந்துவிடும் என்று படிக்கிறவர் நம்பிவிடுவார். ஆட்டத்தில் அது ஒரு வரம்பு, அவ்வளவுதான். உழைக்கும் குணம் இல்லாதவனும், அடிக்கடி காயம் படுகிறவனும், ஆட வாய்ப்பே கிடைக்காதவனும் அதன் பக்கத்தில்கூடப் போகாமல் ஓய்வு பெறுவார்கள். நில உச்சவரம்பு என்ற சொல் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். சட்டம் இத்தனை ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றதால் எங்கள் அப்பாவின் ஒன்றரை ஏக்கர் கூடிவிடவில்லை. அதே உச்சம்தான் இது. முதல் எண்ணுக்கு, நடப்புக் கணக்கு மாதிரி, ‘நடப்புத் திறன்’.

இன்னொரு சங்கதி. சில இளம் வீரர்களுக்குத் திட்டமான உச்சத் திறன் போடாமல், கழித்தல் 10 என்று குறித்துவிடுகிறார்கள். புதிய ஆட்டம் தொடங்கும்போது 170க்கும் 200க்கும் இடையில் ஏதோ ஓர் எண் விழும். அதனால் அக்காவின் மகன் ஆட்டத்தில் ஒரு பையன் உலகத்திலேயே சிறந்தவனாகவும், என் ஆட்டத்தில் அதே பையன் அதற்கு ஒரு படி கீழேயும் நிற்க முடியும். இதற்குக் கையேட்டில் ‘வீச்சு’ என்று மட்டும் எழுதிவிட்டேன்.

எதிர்பார்த்தபடி வளராமல் போனவர்களுக்குப் பையன்கள் ‘வெம்பல்’ என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். பொருத்தமான சொல்தான். கணினி உண்டாக்கிய வீரர்களுக்கு அது இருக்கட்டும். உண்மையான மனிதர்களுக்கு எழுத எனக்குச் சம்மதமில்லை. ஃப்ரெடி அடு 2004இல், 14 வயதில், டி.சி. யுனைடெட் அணிக்காக அமெரிக்காவின் முதல்நிலை லீக்கில் இறங்கினார். இந்த ஆட்டத்திலும் அவரை வாங்கத்தான் எல்லோரும் ஓடினார்கள். அப்புறம் பல நாடுகளில், பல கிளப்புகளில் ஆடினார். எதிர்பார்த்த உயரம் வரவில்லை. அவருக்குள் யாரும் ஓர் எண்ணைப் பூட்டி வைக்கவில்லை. உச்சத் திறன் என்ற சொல்லுக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும் என்று நினைக்கிறேன். போன வாரம் மைதானத்தில் ஒருவன் ஒன்பதாம் வகுப்புப் பையனைக் காட்டி, “இவனுக்கு உச்சம் அவ்வளவுதான் அண்ணா” என்றான். அந்தப் பையன் காதில் விழுந்தது. ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவே இல்லை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே, இந்தச் சொல் கணினிக்குள் இருக்கும் எண்ணுக்கு மட்டும் உரியது, மைதானத்தில் இருக்கும் யாருக்கும் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறேன்.

கணினி தானாக உண்டாக்கும் வீரர்களுக்குப் ‘புதுப்பிறவி’ என்று போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்றவரின் சாயலில் வருகிறவர் ‘மறுபிறவி’. லோனில் அனுப்புவதற்கு ‘இரவல்’. இரவல் கொடுத்த அணி, இரவல் வாங்கிய அணி, இரவல் காலம் என்று எல்லாம் தடையில்லாமல் வருகிறது. அக்கா, இரவல் போகும் பையனுக்கும் வெயிலுக்குப் பழக்கும் நாற்றுக்கும் ஒரே சொல் வைக்க முடியுமா என்று பார்த்தேன். நாற்றங்காலில் அந்த வேலைக்கு நீங்கள் என்ன பேர் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். அது வந்ததும் அந்த அத்தியாயத்தை முடித்து அனுப்புகிறேன்.